சீன எழுத்துகள் இணைய உலாவிக்கு வந்த வரலாறு

1990களின் பிற்பகுதியில் அமெரிக்காவிலோ ஐரோப்பாவிலோ படித்துக்கொண்டிருந்த ஒரு சீன மாணவர், பல்கலைக்கழகக் கணினியில் உலாவியைத் திறந்து தம் நாட்டுச் செய்திப் பக்கம் ஒன்றுக்குப் போனால், அங்கே சீன எழுத்தைக் காண்பது உறுதியில்லை. 'சீன மொழி' என்று பொருள்படும் 'ஜோங்வென்' என்னும் இரண்டெழுத்துச் சொல் இருக்க வேண்டிய இடத்தில், தலையில் இரு புள்ளி வைத்த 'ஓ', குறுக்குக் கோடு போட்ட 'டி', கூரை வைத்த 'ஐ', இரு புள்ளி வைத்த 'ஏ' என்று நான்கு ஐரோப்பிய எழுத்துகள் நிற்கும். பக்கம் முழுவதும் இப்படியே இருக்கும். இதற்குச் சீனர் வைத்த பெயர் 'லுவான்மா'. குழம்பிய குறி என்று பொருள். பக்கத்தை எழுதியவர் தவறு செய்யவில்லை. இணைப்பிலும் பழுதில்லை. அனுப்பிய எண்கள் ஒன்றுகூடக் குறையாமல் வந்து சேர்ந்திருந்தன. அவற்றை எந்தப் பட்டியலை வைத்துப் படிப்பது என்பதுதான் உலாவிக்குத் தெரியவில்லை.

பதிவேடும் வரிசை எண்ணும்

கணினி எந்த எழுத்தையும் எழுத்தாக வைத்துக்கொள்வதில்லை, எண்ணாகவே வைத்துக்கொள்கிறது. பள்ளியில் வருகைப் பதிவேட்டை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 'பதினேழு' என்று ஆசிரியர் கூப்பிட்டால் எட்டாம் வகுப்பு 'அ' பிரிவில் ஒரு பிள்ளை எழுந்து நிற்கும், 'ஆ' பிரிவில் வேறொரு பிள்ளை எழுந்து நிற்கும். எண் ஒன்றுதான், பதிவேடு வேறு. எழுத்துக்கும் எண்ணுக்கும் உள்ள இந்தப் பதிவேட்டையே குறியீட்டு முறை என்கிறோம்.

ஆங்கிலத்துக்கான 'ஆஸ்கி' பதிவேடு 1963இல் வந்தது. அதில் இருப்பவை 128 இடங்கள். பெரிய எழுத்து, சிறிய எழுத்து, எண், நிறுத்தக்குறி எல்லாம் அதற்குள் அடங்கிவிடும். ஒரு பைட்டில் 256 எண்கள் உண்டு என்பதால் மீதி 128 இடங்களில் பிரெஞ்சு, ஜெர்மன் போன்ற மொழிகளின் கூடுதல் எழுத்துகளை வைத்தார்கள். தமிழும் பிற்காலத்தில் அந்த மீதி இடங்களில் எப்படியோ நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்தது. சீனத்துக்கு அந்த வழியே இல்லை. 1716இல் முடிக்கப்பட்ட காங்ஷி அகராதியில் மட்டும் 47,000க்கும் மேற்பட்ட எழுத்துகள் இருக்கின்றன. செய்தித்தாள் படிக்கவே மூவாயிரம் அளவு எழுத்து தெரிந்திருக்க வேண்டும்.

சீன எழுத்துக்கு எண் கொடுக்கும் வேலை கணினிக்கு நூறாண்டு முன்பே தொடங்கியது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். 1871இல் ஷாங்காய்க்குத் தந்திக் கம்பி வந்தது. ஆங்கிலத்துக்குப் புள்ளியும் கோடும் போதும், சீனத்துக்கு என்ன செய்வது? ஷாங்காயில் பணியாற்றிய விகியே என்ற பிரெஞ்சுச் சுங்க அதிகாரி 1872இல் ஒரு குறிநூலை உருவாக்கினார். சுமார் 6,800 எழுத்துகளுக்கு நான்கு இலக்க எண் ஒவ்வொன்று தரப்பட்டது. தந்தி ஊழியர் எழுத்தைப் பார்த்து எண்ணை அனுப்புவார். மறுமுனையில் இருப்பவர் எண்ணைப் பார்த்து நூலைப் புரட்டி எழுத்தை எழுதுவார். பின்னாளில் நிலைபெற்ற தந்திக் குறியில் 'நடு' என்று பொருள்படும் 'ஜோங்' என்ற எழுத்தின் எண் 0022. உலாவி இன்று செய்வதும் அந்தத் தந்தி ஊழியர் செய்த வேலைதான். இரு முனையிலும் ஒரே நூல் இருந்தாக வேண்டும் என்ற நிபந்தனையும் அதேதான்.

ஒரே மொழிக்கு இரண்டு பதிவேடுகள்

அந்த நிபந்தனைதான் கணினிக் காலத்தில் உடைந்தது. 1978இல் ஜப்பான், தான் பயன்படுத்தும் சீன எழுத்துகளுக்கு ஒரு தேசியத் தரத்தை வெளியிட்டது. ஓர் எழுத்துக்கு ஒரு பைட்டு போதாது, இரண்டு பைட்டுகளைச் சேர்த்துக்கொள்வோம் என்பது அதன் உத்தி. 94 வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் 94 இடம், ஆக 8,836 இடங்கள். சீனா இதே கட்டத்தை எடுத்துக்கொண்டு 'ஜிபி 2312' என்ற தரத்தை 1980இல் உருவாக்கி 1981இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் 6,763 சீன எழுத்துகள் உள்ளன. அடிக்கடி வரும் 3,755 எழுத்துகள் ஒலிப்பு வரிசையிலும், மீதி 3,008 எழுத்துகள் உறுப்பு வரிசையிலும் அடுக்கப்பட்டன.

தைவான் 1984இல் தனியாக ஒன்றை உருவாக்கியது. அதன் பெயர் 'பிக்-5', அதாவது 'பெரிய ஐந்து'. அதில் 13,053 எழுத்துகள். தனியாக உருவாக்கியதற்கு அரசியல் மட்டும் காரணமன்று. சீனா 1956 முதல் எழுத்துகளின் கோடுகளைக் குறைத்து எளிமைப்படுத்திவிட்டது. தைவானும் ஹாங்காங்கும் பழைய வடிவங்களையே வைத்துக்கொண்டன. இரண்டுக்கும் இடையே ஒன்றுக்கு ஒன்று என்ற பொருத்தமும் இல்லை. 'அனுப்பு, புறப்படு' என்ற பொருளுக்கு ஓர் எழுத்தும், 'தலைமுடி' என்ற பொருளுக்கு வேறோர் எழுத்தும் பழைய முறையில் இருந்தன. எளிமைப்படுத்தியபோது இரண்டும் ஒரே 'ஃபா' ஆகிவிட்டன. பழையதிலிருந்து புதியதற்கு மாற்றுவது எளிது. புதியதிலிருந்து பழையதற்கு மாற்றும் மென்பொருள், இது முடியா பயணமா என்று இன்றும் யோசிக்க வேண்டியிருக்கிறது.

சிக்கல் எங்கே வந்தது என்றால், இரண்டு பதிவேடுகளும் பெரும்பாலும் ஒரே எண்களைப் பயன்படுத்தின. ஜிபி முறையில் 'ஜோங்' என்ற எழுத்து 214, 208 என்ற இரு பைட்டுகள். பிக்-5 முறையில் அதே எழுத்து 164, 164. ஜிபி அனுப்பிய 214, 208ஐ பிக்-5 பதிவேட்டில் பார்த்தால், யாரும் அன்றாடம் எழுதாத, தலையில் மூங்கில் உறுப்பு வைத்த வேறோர் எழுத்து வரும். ஐரோப்பியப் பதிவேட்டில் பார்த்தால் தொடக்கத்தில் சொன்ன புள்ளி வைத்த 'ஓ'வும் கோடு போட்ட 'டி'யும் வரும். மூன்றும் விதிப்படி சரியான வாசிப்புகளே. அதனால் கணினி 'பிழை' என்று எச்சரிக்கவும் வழியில்லை.

பிக்-5இல் இன்னொரு பொல்லாத குறையும் இருந்தது. சில எழுத்துகளின் இரண்டாம் பைட்டு 92. ஆஸ்கியில் 92 என்பது பின்சாய்வுக் கோடு. பல நிரல்மொழிகளில் அந்தக் கோட்டுக்குத் தனி அதிகாரம் உண்டு, அடுத்து வருவதை மாற்றிவிடும். அதனால் சில எழுத்துகள் வந்தாலே வரி சிதைந்தது. ஷூ, கொங், கை ஆகிய மூன்று எழுத்துகள் இதில் பேர்போனவை. தைவான் நிரலாளர்கள் மூன்றையும் சேர்த்து, ஏதோ ஓர் ஆளின் பெயர் போல 'ஷூ கொங் கை சிக்கல்' என்றே அழைத்தார்கள். ஷூ என்பது தைவானில் பரவலான குடும்பப் பெயர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உலாவிக்கு முன்னும் பின்னும்

உலாவி பரவும் முன்பே வெளிநாட்டுச் சீன மாணவர்கள் மின்னஞ்சலிலும் செய்திக் குழுக்களிலும் சீனத்தில் எழுதத் தொடங்கிவிட்டார்கள். அன்றைய அஞ்சல் வழிகள் பல ஆங்கிலத்தை மட்டும் மனத்தில் வைத்துக் கட்டப்பட்டவை. பைட்டின் எட்டாவது பிட்டை வெட்டி எறிந்துவிடும். வெட்டினால் 214, 208 என்பது 86, 80 ஆகிவிடும். அவை 'வி', 'பி' என்ற ஆங்கில எழுத்துகள். 1989இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு நல்ல யோசனை வந்தது. வெட்டுவதுதான் வழக்கம் என்றால் நாமே வெட்டி அனுப்புவோம், ஆனால் சீனப் பகுதி தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அலைக்குறியும் நெளிவு அடைப்பும் போட்டுவைப்போம் என்பதே அது. 'ஹான்சி' என்ற சொல்லைச் சுருக்கி 'எச்இசட்' என்று அதற்குப் பெயர். இதெல்லாம் இருந்ததால்தான் வட அமெரிக்காவில் இருந்த சீன மாணவர்கள் 1991 ஏப்ரலில் 'ஹுவா ஷியா வென் ஜாய்' என்ற மின்னிதழை வாராவாரம் அஞ்சலில் அனுப்ப முடிந்தது. சீனத்தில் வெளிவந்த முதல் மின்னிதழ் என்று அதைச் சொல்வார்கள்.

பிறகு 1993இல் மொசைக், 1994இல் நெட்ஸ்கேப் என்று உலாவிகள் வந்தன. வலையின் தொடக்க விதிப்படி, பக்கம் எந்தப் பதிவேட்டில் எழுதப்பட்டது என்று சேவையகம் சொல்லாவிட்டால் உலாவி அதை மேற்கு ஐரோப்பிய முறை என்று எடுத்துக்கொள்ளும். பெரும்பாலான சேவையகங்கள் எதுவும் சொல்லவில்லை. ஆகவே படிப்பவர்தான் உலாவியின் பட்டியலைத் திறந்து 'எளிய சீனம்', 'மரபுச் சீனம்' என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்து பார்க்க வேண்டும். அதற்கும் முன்பு சீன எழுத்துரு கணினியில் இருக்க வேண்டும். ஆங்கில விண்டோஸில் அது இருக்காது. பல தளங்களின் முகப்பில் 'ஜிபி' என்று ஒரு வாசல், 'பிக்-5' என்று ஒரு வாசல், இரண்டும் இயலாதவருக்கு எழுத்தையெல்லாம் படமாக்கி வைத்த மூன்றாவது வாசல் என்று வைத்திருந்தார்கள்.

ஆங்கில விண்டோஸின் மேல் சீனத்தைக் காட்டும் துணை மென்பொருள்கள் அன்று நல்ல வணிகம். அவற்றில் ஒன்று பெய்ஜிங்கில் உருவான 'ரிச்வின்'. அதை உருவாக்கிய நிறுவனம், கலிஃபோர்னியாவில் தைவான் மாணவர்கள் தொடங்கிய ஒரு தளத்துடன் 1998இல் இணைந்து 'சீனா' என்ற பெயரில் (நாட்டின் பெயரன்று, நிறுவனத்தின் பெயர்) பெரிய வலைவாசலாயிற்று. ஜிபி வழி வந்தவர்களும் பிக்-5 வழி வந்தவர்களும் ஒரே கூரையின்கீழ் வந்தது எனக்குப் பொருத்தமாகவே படுகிறது.

இந்த இடத்தில் நமக்கும் ஓர் உறவு உண்டு. சிங்கப்பூரில் 1995இல் நான்கு ஆட்சிமொழிகளின் கவிதைகளையும் ஒரே வலைத்தளத்தில் ஏற்றினார்கள். சீனத்தை வலையில் காட்ட அங்கே பல்கலைக்கழகத்தில் உழைத்த குழுவுடன் சேர்ந்து எழுத்தாளர் நா. கோவிந்தசாமி தமிழுக்கும் வழி செய்தார். இணையத்தில் தமிழ் ஏறிய தொடக்க நிகழ்வுகளில் அது முக்கியமானது. எழுத்துருவை இறக்கிக்கொள்ளாமல் தமிழ் மின்னிதழைத் திறந்து, கோணல்மாணலான ஐரோப்பிய எழுத்துகளைப் பார்த்து விழித்த என் வயதினருக்கு லுவான்மா அந்நியமன்று.

ஊகிக்கும் உலாவி

பக்கத்தின் தலைப்பகுதியிலேயே 'இது இன்ன குறியீட்டு முறை' என்று ஒரு வரி எழுதிவைக்கலாம் என்ற வழக்கம் பின்னர் வந்தது. பக்கத்தைப் படிக்கத் தெரிந்தால்தானே அந்த வரியைப் படிக்க முடியும் என்று மாணவர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. ஜிபி, பிக்-5 உள்ளிட்ட பெரும்பாலான முறைகளில் ஆங்கில எழுத்துகளின் எண்கள் ஆஸ்கியில் உள்ளபடியே இருக்கின்றன. அந்த வரி ஆங்கில எழுத்தில் இருப்பதால் உலாவி அதுவரை படித்துவிட்டு, பிறகு சரியான பதிவேட்டை எடுத்துக்கொள்கிறது. அந்த வரி பக்கத்தின் முதல் 1,024 பைட்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பது இன்றைய விதி.

அந்த வரியும் இல்லாத பக்கங்களுக்கு உலாவி ஊகிக்கத்தான் வேண்டும். நெட்ஸ்கேப்பில் பணியாற்றிய ஷாஞ்சியான் லீ, கட்சுஹிகோ மொமோய் இருவரும் 2001இல் இதற்கு ஒரு முறையை விளக்கினார்கள். எந்த மொழியிலும் சில எழுத்துகளே திரும்பத் திரும்ப வரும். சீனத்தில் மிகுதியாக வரும் ஐந்நூறு எழுத்துகளே ஒரு பக்கத்தின் முக்கால் பங்கை நிரப்பிவிடும். வந்த பைட்டுகளை ஜிபி என்று படித்தால் அந்த வழக்கமான எழுத்துகள் வருகின்றனவா, பிக்-5 என்று படித்தால் வருகின்றனவா என்று எண்ணிப் பார். எதில் வழக்கமானவை மிகுதியோ அதுவே சரி. கையெழுத்துப் புரியாத விடைத்தாளில் எந்தச் சொல் வர வாய்ப்பு என்று பார்த்துப் படிக்கும் ஆசிரியரின் வழிதான் இது.

ஊகத்துக்கு நிறைய எழுத்து வேண்டும். குறைவாக இருந்தால் தவறும். விண்டோஸின் பழைய நோட்பேடில் 'லியன்தோங்' என்ற இரண்டு எழுத்தை மட்டும் தட்டி, சேமித்து, மறுபடி திறந்தால் எழுத்து காணாமல் போகும் என்பது சீனக் கணினிப் பயனர் பலருக்கும் தெரிந்த வேடிக்கை. அந்தச் சொல்லின் ஜிபி பைட்டுகள் 193, 170, 205, 168. தற்செயலாக அவை யூடிஎஃப்-8 முறையின் அமைப்பை ஒத்திருப்பதால் நிரல் ஏமாந்துவிட்டது. லியன்தோங் என்பது சீனாவின் பெரிய தொலைபேசி நிறுவனம் ஒன்றின் பெயர். வேடிக்கை பரவியதற்கு அதுவும் காரணம்.

ஒருங்குறி

எல்லா மொழிக்கும் ஒரே பதிவேடு என்ற யோசனையை செராக்ஸ் நிறுவனத்தில் இருந்த ஜோ பெக்கர் 1988இல் முன்வைத்தார். அதுவே ஒருங்குறி. 1991இல் முதல் பதிப்பு வந்தது. சீன எழுத்துகள் அடங்கிய இரண்டாம் பகுதி 1992இல் வந்தது. அதில் 20,902 எழுத்துகள். சீனா, தைவான், ஜப்பான், கொரியா ஆகிய நான்கு இடத்துத் தரங்களிலும் உள்ளவற்றை இவ்வளவுக்குள் அடக்க, ஒரே எழுத்தின் சிறு வடிவ வேறுபாடுகளுக்குத் தனி எண் தருவதில்லை என்று முடிவு செய்தார்கள். 'எலும்பு' என்ற எழுத்தின் தலைக்குள் இருக்கும் சிறு மூலை சீனாவில் இடப்பக்கம், ஜப்பானில் வலப்பக்கம். ஒருங்குறியில் இரண்டுக்கும் 39592 என்ற ஒரே எண். ஜப்பானில் இதற்குக் கடுமையான எதிர்ப்பு இருந்தது. எண்ணிக்கையைக் குறைக்க அன்று வேறு வழி இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் அதன் சுமை பக்கம் எழுதுபவர் தலையில் விழுந்தது. எண் சரியாக இருந்தாலும், பக்கத்தின் மொழி எது என்று குறிப்பிடாவிட்டால் உலாவி சீனக் கட்டுரையை ஜப்பானிய எழுத்துருவில் காட்டிவிடக்கூடும். பிழை என்று சொல்ல முடியாது, ஆனால் சீனர் கண்ணில் உறுத்தும்.

ஒருங்குறி எண்ணைப் பைட்டுகளாக்கும் யூடிஎஃப்-8 முறையைக் கென் தாம்ப்சன், ராப் பைக் இருவரும் 1992 செப்டம்பரில் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் இருந்தபடி வகுத்தார்கள். மேசைவிரிப்புத் தாளில் எழுதினார்களாம். ஆங்கிலத்துக்கு ஒரு பைட்டு, சீனத்துக்கும் தமிழுக்கும் மூன்று. 'ஜோங்' ஒருங்குறியில் 20013, யூடிஎஃப்-8இல் 228, 184, 173. ஜிபியில் இரண்டு பைட்டு போதும் என்பதால் சீனத் தளங்கள் பல நெடுநாள் மாறத் தயங்கின. இரு முறைகளும் கலந்து புழங்கிய அந்தக் காலத்தின் நினைவுச் சின்னம் 'குன் ஜின் காவ்' என்ற பொருளற்ற மூன்றெழுத்து. படிக்க முடியாத இடத்தில் ஒருங்குறி இடும் மாற்றுக்குறி 239, 191, 189 என்ற மூன்று பைட்டுகள். அக்குறி இரண்டு அடுத்தடுத்து வந்து, அந்த ஆறு பைட்டுகளையும் ஜிபியின் விரிந்த வடிவமான ஜிபிகே முறையில் இரண்டிரண்டாகப் படித்தால் இந்த மூன்றெழுத்து கிடைக்கும்.

இன்று ஒரு பக்கத்தில் சீனம் சரியாகத் தெரியாவிட்டால், திரையில் வருவதைக் கொண்டே நோயை அறியலாம். ஐரோப்பிய எழுத்துகளோ பொருளற்ற சீன எழுத்துகளோ வந்தால் பதிவேடு மாறியிருக்கிறது, தரவு பத்திரமாக இருக்கிறது. வெற்றுக் கட்டம் வந்தால் எண் சரி, எழுத்துருதான் இல்லை. அந்தக் கட்டத்துக்கு 'டோஃபு' என்று பெயர், சோயாக் கட்டியின் வடிவம் என்பதால். வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால் வழியில் ஏதோ ஒரு நிரல் எழுத்தைத் தூக்கி எறிந்துவிட்டது என்று பொருள். அதை எந்த உலாவியாலும் மீட்க முடியாது.

பதிவேட்டில் இல்லாத பெயர்கள்

மேலே சொன்னவை எண் பெற்ற எழுத்துகளின் தொல்லைகள். எண்ணே பெறாத எழுத்துகளின் நிலை இன்னும் மோசம். 1998இல் சீனப் பிரதமரான ஜூ ரொங்ஜியின் பெயரில் உள்ள 'ரொங்' ஜிபி 2312இல் கிடையாது. நாட்டின் பிரதமர் பெயரையே 'உலோகம்', 'கொள்' என்ற இரு எழுத்துகளை ஒட்டவைத்து அச்சிட்டவர்கள் உண்டு. தைவானில் 2002 முதல் 2005 வரை பிரதமராக இருந்த யூ ஷிகுன் பெயரின் கடைசி எழுத்து பிக்-5இல் இல்லை. 'சதுரம், சதுரம், மண்' என்று அதன் உறுப்புகளைப் பிரித்து எழுதினார்கள். ஹாங்காங்கில் 'சாம் சுய் போ' என்ற நெரிசல் மிகுந்த பகுதியின் 'போ' பிக்-5இல் இல்லை. அங்குள்ள அரசு 1995இல் 3,049 எழுத்துகளும், 1999இல் விரித்து 4,702 எழுத்துகளும் கொண்ட துணைப் பட்டியலை வெளியிட வேண்டியதாயிற்று.

பிரதமர் பெயருக்கு யாராவது வழி செய்துவிடுவார்கள். யுன்னான் மாகாணத்தில் லீசு இன மக்கள் வாழும் ஒரு மலைக் கிராமத்தில் 'நியா' என்ற அரிய குடும்பப் பெயர் உண்டு. அந்த எழுத்து கணினியில் இல்லாததால், அடையாள அட்டை கணினிமயமானபோது அவர்களுக்கு 'யா' என்று பதிந்து கொடுத்தார்கள். யா என்றால் வாத்து. பல்லாண்டுகள் அவர்கள் அரசு ஏடுகளில் வாத்து என்ற பெயரோடு இருந்தார்கள்.

ஒருங்குறி 2001 மார்ச்சில் ஒரே தவணையில் 42,711 அரிய எழுத்துகளைச் சேர்த்தது. இன்று அதிலுள்ள சீன எழுத்துகள் 97,000க்கும் மேல். சீனா 2000இல் வெளியிட்ட 'ஜிபி 18030' தரம் ஒருங்குறியோடு ஒத்துப்போகும்படி அமைக்கப்பட்டது. அதன் 2022 பதிப்பில் 87,887 சீன எழுத்துகள் உள்ளன. அது 2023 ஆகஸ்ட் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த மலைக் கிராமத்தினர் அதன்பின் தங்கள் அட்டைகளில் நியா என்ற எழுத்தைத் திரும்பப் பெற்றார்கள்.